கை நோகாத கீபோர்டு

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டும் அம்மாமார்களைக் கேளுங்கள்; ஒரே வேலையை ஓயாமல் செய்தால் மணிக்கட்டு என்ன பாடுபடும் என்று சொல்வார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். கம்ப்யூட்டர் முன் உட்காரப் போகிற நமக்கும் கைதானே மூலதனம்!

1994இல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த, நடுவில் பிளந்த கீபோர்டு மாதிரி விலை கூடியது தேவையில்லை. தமிழில் அடிக்க, சாதாரண கீபோர்டிலேயே எழுத்து முறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வலி குறையும்.

1999இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ முறையில் உயிரெழுத்துகள் இடது கைக்கு. க, ச, த, ப முதலியவை பெரும்பாலும் வலது கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி உழைக்கும். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலே தட்டுதான்; புள்ளி தானாக விழும். ஸ, ஜ போன்ற எழுத்துகளுக்குத்தான் ஷிப்ட் வேண்டும்.

டைப்ரைட்டர் முறையில் லோயர் பாஸானவர்கள் அதிலேயே தொடரலாம். புதிதாகப் பழகுபவர்கள் இதை எடுங்கள். விண்டோஸிலேயே இருக்கு, தனிக்காசு கிடையாது.

முழங்கை உயரத்தில் கீபோர்டு இருக்கட்டும். பின்கால்களை மடக்கி, மணிக்கட்டை நேராக வையுங்கள். டைப்ரைட்டர் போல் ஓங்கித் தட்டாதீங்க. அரை மணிக்கொரு தடவை கையை உதறுங்கள். எங்க வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்த கை இது. ரொம்ப வருஷம் உழைக்கணும்!