ஒரு பழம் கனிந்தால் கூடையே கனியும்!

'பறிக்கும்போது கல் மாதிரி இருந்த மாங்காய், மண்டிக்குப் போவதற்குள் கொழகொழவென ஆகிவிடுகிறது. வியாபாரி பாதி விலைதான் தருகிறார். என்ன செய்வது?' மா சீசன் வந்தால் விவசாயிகள் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. விடை காய்க்குள்ளேயே இருக்கிறது.

பறித்த பிறகும் காய்க்கு உயிர் உண்டு, அது சுவாசிக்கிறது. அதன் சதை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. செங்கல்லுக்கு நடுவே கலவை வைப்பதுபோல, செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைதான் 'பெக்டின்'. ஜாம் கெட்டிப்படுவதும் இதனால்தான்.

முற்றிய காய் எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளிவிடும். அந்த வாயு பட்டதும், அதுவரை அடங்கியிருந்த சில மரபணுக்கள் வேலையைத் தொடங்கி, பல நொதிகளை உருவாக்கும். ஒரு நொதி பெக்டினை வெட்டுவதற்கு ஏற்றபடி மாற்றும், இன்னொன்று வெட்டும். பசை கரைந்து செல்களின் பிடி தளரும். பழம் மெத்தென்று ஆகும். அதே சமயத்தில் மாவுச்சத்து சர்க்கரையாகும்.

வெட்டும் நொதியை நிறுத்திவிட்டால்? அமெரிக்காவில் அப்படி மரபணு மாற்றிய தக்காளி 1994-ல் விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அது கெட்டியாக நிற்கவில்லை. சில ஆண்டுகளில் சந்தையைவிட்டே போய்விட்டது. பசையைக் கரைக்கும் நொதி ஒன்றல்ல, பல. ஆனால், அவற்றை ஏவும் வாயு நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

* எத்திலீன் பட்ட காய், தானும் எத்திலீன் விடும். அடிபட்ட காய் இன்னும் அதிகமாக விடும். எனவே கனிந்தது, கீறல் விழுந்தது, காம்பு ஒடிந்தது எல்லாவற்றையும் தோட்டத்திலேயே பிரித்துவிடுங்கள். வீட்டுக்குப் பழுக்க வைக்கும் பழங்களை விற்பனைக் காய்களோடு வைக்காதீர்கள்.

* காய்களை உலுக்கி விழவைக்காமல், சிறிது காம்போடு பறியுங்கள். நிழலில் குவியாமல் பரப்பி, காற்றோட்டமான கிரேட்டில் அடுக்குங்கள். வெப்பம் ஏற ஏற நொதிகள் வேகமெடுக்கும்.

* குளிர்பதனக் கிடங்கில் சுமார் 13 டிகிரி செல்சியஸ் போதும். அதிகம் குளிர்ந்தால் தோல் கறுக்கும். பிறகு சரியாகப் பழுக்காது.

* கார்பைடு கல் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிலீன், எத்திலீனைப்போல வேலை செய்யும். ஆனால், கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் நச்சுகள் கலந்திருக்கலாம். பழம் பழுக்கவைக்க அதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். வரை பயன்படுத்த அனுமதி உண்டு.

எந்த வாயு போட்டாலும் முற்றாத காய்க்குத் தோலில்தான் மஞ்சள் ஏறும். உள்ளே போதுமான மாவுச்சத்து இல்லாததால் இனிப்பு வராது. ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை நம்மிடம் வாங்கமாட்டார். முற்றவிட்டுப் பறியுங்கள், பறித்த அன்றே பிரியுங்கள்.