உங்களுக்குத் தெரியுமா? இருமலில் ஒளியும் ஆஸ்துமா!

ஆஸ்துமா என்றால் மூச்சு வாங்கும், நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இரண்டும் இல்லாமல், வெறும் இருமலாக மட்டுமே வரும் ஆஸ்துமாவும் உண்டு!

இதை 1979-ல் அமெரிக்க மருத்துவர்கள் உலகுக்கே எடுத்துக்காட்டினார்கள். எத்தனை நோயாளிகளை வைத்துத் தெரியுமா? வெறும் 6 பேர்!

எப்படிப் பிடிப்பார்கள்? மெத்தகோலின் என்ற மருந்தை ஆவியாக இழுக்கச் சொல்வார்கள். முதல் விநாடியில் நீங்கள் ஊதித் தள்ளும் காற்று 20 சதவீதம் குறைந்தால் ஆஸ்துமாவின் சாயம் வெளுத்துவிடும்!

அந்தச் சோதனையிலும் சிக்காத இருமல் ஒன்று இருக்கிறது! எக்ஸ்ரே சுத்தம், ஊதும் சோதனையும் சுத்தம். ஆனால் சளியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். 100 செல்லில் 3, ஈசினோபில் என்ற வெள்ளையணுவாக இருந்தாலே அகப்பட்டுக்கொண்டது! 1989-ல் கண்டுபிடிக்கப்பட்ட இதன் பெயர் ஈசினோபிலிக் பிராங்கைட்டிஸ்.

சளியே வராதவர்களுக்கு? உப்புக் கரைசலை ஆவியாக்கி இழுக்க வைத்து வரவழைக்கிறார்கள். அதில் உப்பு ஏறக்குறைய கடல்நீர் அளவு!

ஆஸ்துமா, ஈசினோபிலிக் பிராங்கைட்டிஸ் இரண்டிலும் ஈசினோபில் இருக்கிறதே, பிறகு என்ன வித்தியாசம்? 2002-ல் விடை கிடைத்தது, அபாரமான விடை! ஆஸ்துமாவில் ‘மாஸ்ட் செல்’ என்ற இன்னொரு செல், மூச்சுக்குழாய்த் தசைக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. மற்றதில் அப்படிப் புகுவதில்லை!

ஜப்பானியர்கள் சொல்லும் மூன்றாவது ரகம் ‘அடோபிக் இருமல்’. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்கு அது மசியாது. அலர்ஜி மாத்திரைக்கு மசியும்!

இருமல் நரம்பு எவ்வளவு உஷார் என்று அளக்க ஆய்வாளர்கள் எதை இழுக்க வைக்கிறார்கள் தெரியுமா? மிளகாயின் காரச்சத்தை! எந்த அளவில் 5 முறை இருமுகிறீர்கள் என்பதுதான் கணக்கு!

இப்போது நம் பக்கத்துச் செய்தி, இதுதான் எல்லாவற்றிலும் பெரிது! 1940. அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனை. சில நோயாளிகளின் எக்ஸ்ரே காசநோய் போலவே காட்டுகிறது, இரத்தத்திலோ ஈசினோபில் குவிந்து கிடக்கிறது! இரவெல்லாம் இருமல், இளைப்பு. பார்த்தால் அசல் ஆஸ்துமா! உண்மையான குற்றவாளி யார்? கொசு கொண்டுவந்து சேர்க்கும் யானைக்கால் புழு!

சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஈசினோபில் 500-ஐத் தாண்டாது. இந்த நோயாளிகளுக்கோ 3,000-க்கும் மேல்!

இந்த நோய்க்கு இன்ஹேலர் போதாது. யானைக்கால் நோய்த் தடுப்புக்கு அரசு கொடுக்கிறதே, அதே டி.ஈ.சி. மாத்திரைதான் மருந்து. வழக்கமாக 21 நாள்!