கற்பாதையில் வாகனத்தின் உடலைக் காப்பது

பிள்ளைகள் காடு மலைப் பாதைகளுக்கு வாகனம் கொண்டு போகினம், நெளியாமல் பார்ப்பது எப்படி என்று சிலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். நான் கேட்டுப் படித்ததைவிட நட்டப்பட்டுப் படித்ததே அதிகம். அதையே சொல்லுகிறேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40 காரில் போய்வந்தவர்கள் நாங்கள். நெளிவைப் பற்றி அப்போது ஆர் கவலைப்பட்டது! ஆனால் என் மகனின் பழைய ரொயோட்டா ஃபோர்ரன்னர், அவன் இரண்டு வருடம் இரவு வேலை செய்து சேர்த்த காசு.

சான் ஹோசேயில் இருந்து தெற்கே, ஹொலிஸ்டர் ஹில்ஸ் என்ற மாநில வாகனப் பூங்கா இருக்கிறது. சான் அன்ரேயாஸ் பிளவு அதன் ஊடாகத்தான் போகிறது. அங்கே ஒரு கல்லைக் கண்டு மகன் தயங்கினான். "கதவுக்குக் கீழே குழாய் பூட்டியிருக்குத்தானே, பயப்படாமல் விடு" என்றேன். விட்டான். குழாய் மேலே மடிந்து, கதவின் கீழ்த் தகட்டையும் அமுக்கியது. கதவு திறக்கவில்லை. மகன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடின கஷ்டம்.

என் பிழை என்னவென்றால், அது ஆள் ஏறி இறங்க வைத்த மிதிபடி. ஒரு மனிதனின் பாரத்துக்குச் செய்தது. கல்லுக்கு வேண்டியது ரொக் ஸ்லைடர். தடித்த உருக்குக் குழாயால் செய்து, சேசிஸ் என்ற அடிச்சட்டத்தோடு போல்ற் போட்டோ ஒட்டியோ பூட்டுவது. வாகனத்தின் பாரத்தையே அது தாங்கும். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே கடையில் விலை கேட்க முதல், "இது எங்கே பூட்டுப்படுகிறது? இதில் ஜாக் வைத்து வண்டியைத் தூக்கலாமா?" என்று கேளுங்கள். எங்களுக்குத் தகடு திருத்தப் போன காசு, ஒரு சோடி ஸ்லைடரின் விலையிலும் கூட. தனிச் சேசிஸ் இல்லாத சிறிய எஸ்.யு.வி. என்றால் கற்பாதைக்குப் போகாமல் விடுவதே மலிவு.

அடுத்தது வயிறு. ஒயில் சம்ப், கியர்பெட்டி, பெற்றோல் ராங்க் இவற்றின் கீழே ஸ்கிட் பிளேற் என்ற தகடு வேண்டும். உருக்குப் பாரம் கூட, ஆனால் கல்லில் வழுக்கிப் போகும். அலுமினியம் பாரம் குறைவு, கல் அதைக் கிள்ளிப் பிடிக்கும்.

பெயின்ற் கடைசிக் கவலை. எங்கள் பக்கம் மன்சனீற்றாப் பற்றை, நியூ ஜேர்சி பைன் பறன்ஸில் பைன், ஓக் கிளைகள், ரெக்சாஸில் மெஸ்கீற் முள்ளு. பெயின்றின் மேலே இருக்கும் கிளியர் கோட், ஒரு தலைமயிர்த் தடிப்புக்கூட இல்லை. கீறலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்காவிட்டால் பொலிஷ் பண்ணினால் அநேகமாகப் போய்விடும். தடக்கினால் ஆழம், உலோகம் தெரிந்தால் துருப் பிடிக்க முதல் பெயின்ற் தொட்டுவிடுங்கள். ஒளி ஊடுருவும் பொலியூறிதேன் படலமும் ஒட்டலாம். வியற்நாம் யுத்தத்தில் ஹெலிகொப்ரர் விசிறிகளைக் காக்க வந்த சாமான் அது. கிளைக்குத் தாங்கும், கல்லுக்குத் தாங்காது.

திரும்பி வந்த அன்றே கீழ்ப்பக்கத்துச் சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சேசிஸின் உள்ளே நிற்கும் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நியூ ஜேர்சிக்காரருக்குப் பனிக்கால உப்பும் சேர்கிறது.

காசில்லாத காவல் ஒன்றும் உண்டு. ஒருவர் இறங்கி முன்னே நின்று வழி காட்டவேண்டும். கல்லை இரண்டு சில்லுக்கும் நடுவே விடாமல், ரயரை அதன்மேல் ஏற்றி, நாலு சில்லும் இழுக்கும் மெல்லிய கியரில் ஊர்ந்து போகவேண்டும்.

ஸ்லைடர் பூட்டியபின் அதே கல்லுக்குப் போனோம். கிறீச் என்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்தால் கறுப்புப் பெயின்ற் மட்டும் உரிந்திருந்தது. இப்போது இறங்கி நின்று கை காட்டுவது நான். விடுவதா இல்லையா என்பதை அவன் பார்த்துக்கொள்கிறான்.