சட்டக் கல்லூரி சீட்: எல்லைத் தமிழர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

டிகிரி முடிச்சாச்சு, அடுத்து மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கலாம்னு யோசிக்கிறீங்களா? மூணாறோ கொழிஞ்சாம்பாறையோ உங்க ஊர் என்றால், இதைப் படிச்சிட்டு விண்ணப்பிங்க.

எதை வைத்து சீட்?

கட்டுரை, சிபாரிசுக் கடிதம் படித்துப் பார்க்கும் அமெரிக்க பாணி குழு இங்கே இல்லை. கேரளாவில் நுழைவுத் தேர்வு ரேங்க். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் டிகிரி மார்க். பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி, டிகிரியில் பொதுப் பிரிவுக்கு 45%, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40% கட்டாயம்.

சிக்கல் எங்கே?

சாதிச் சான்றிதழில். எஸ்.சி. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தின் எஸ்.சி. அந்தஸ்து இன்னொரு மாநிலத்தில் செல்லாது என்று, ஒரு மருத்துவ சீட் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் 1950 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கேரளாவில் எஸ்.சி. இடஒதுக்கீடு கிடைப்பது கஷ்டம். பூர்வீக மாநிலத்தில் மட்டும் அந்த உரிமை தொடரும்.

என்ன செய்யலாம்?

தாத்தா, பாட்டி காலத்து எஸ்டேட் பதிவுகளை இப்பவே தேடுங்க. தாலுகா ஆபீஸில் கேளுங்க. விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு அலைந்தால், நேரம் போதாது.

வேலையை விடணுமா?

எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. 70% வருகை வேண்டும். இதையும் கணக்குப் போட்டுக்கோங்க.