நகமா, கம்பியா? வீணை பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

நவராத்திரி நெருங்கும்போது கலூரிலும் எர்ணாகுளத்திலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கும். ஒன்று, பரண் மேலிருந்து கொலுப் பொம்மைகளை இறக்குவது. மற்றொன்று, உறையிட்டு மூலையில் சாய்த்து வைத்த வீணையைத் துடைத்து எடுப்பது. பொம்மைகள் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வந்தால் போதும். வீணை அப்படி இருக்கலாமா?

விஜயதசமியன்று ஆசையோடு பாடம் தொடங்கிய பிள்ளை, சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் முடித்து, அலங்காரத்துக்கு வரும்போது சுணங்கிவிடுகிறது. "குழந்தைக்கு ஆர்வம் போய்விட்டது" என்கிறோம். பல வீடுகளில் உண்மைக் காரணம் அதுவல்ல. வலது கை ஆள்காட்டி விரல் வலிக்கிறது, அல்லது தந்தியில் எழும் ஒலி குழந்தையின் காதுக்கே பிடிக்கவில்லை. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணமாக இருப்பது விரல் நுனியில் மாட்டும் ஒரு சின்னக் கம்பி. வீணைக்குப் பெருந்தொகை செலவு செய்யும் நாம், தந்தியை நேரே தொடும் இந்தப் பொருளைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிப்பதில்லை. அதைப் பற்றிச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலகெங்கும் ஒரே கேள்வி

தந்தியை எதனால் மீட்டுவது என்ற கேள்வி வீணைக்கு மட்டும் உரியதல்ல. சிதார் வாசிப்பவர் ஆள்காட்டி விரலில் 'மிஸ்ராப்' என்னும் கம்பி வளையத்தை அணிகிறார். சரோத் வாசிப்பவர் தேங்காய்ச் சிரட்டையில் செதுக்கிய சிறு துண்டை விரல்களுக்கிடையே பிடித்துக்கொள்கிறார். தென்னை நாட்டில் வாழும் நமக்கு இது ஒரு மகிழ்ச்சியான செய்தி. அரபு நாட்டு ஊத் வாத்தியத்துக்குக் கழுகின் இறகைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. ஜப்பானியரின் கோத்தோ வாத்தியத்துக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நகம் அணிகிறார்கள். அங்கே ஒரு பரம்பரையார் சதுர நுனி நகத்தையும் மற்றொரு பரம்பரையார் வட்ட நுனி நகத்தையும் கொள்வர். நகத்தின் வடிவுக்கேற்ப வாத்தியத்தின் முன் அமரும் கோணமே மாறும்.

அமெரிக்காவின் பாஞ்சோவை எடுத்துக்கொள்வோம். அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் நினைவிலிருந்து, சுரைக்குடுக்கையும் தோலுமாகப் பிறந்த வாத்தியம் அது. 1945-ஆம் ஆண்டு பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த எர்ல் ஸ்க்ரக்ஸ் (1924–2012) என்பவர், மூன்று விரலால் வாசிக்கும் முறையைப் புகழ்பெறச் செய்தார். கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோகப் பிக். இன்றும் அந்த முறையில் பயில்வோர் இந்த மூன்றைத்தான் அணிகிறார்கள். உலோகத் தகடு மெல்லியதாக இருந்தால் எளிதில் வளையும், ஒலியும் மெலியும். தடிமனாக இருந்தால் ஒலி கனக்கும். அதே பாஞ்சோவைப் பிக் எதுவும் இல்லாமல் நகத்தின் புறத்தால் கீழ்நோக்கித் தட்டி வாசிக்கும் பழைய பாணியும் உண்டு. ஆக, 'நகமா, உலோகமா' என்ற வாதம் அங்கும் இருக்கிறது.

நம் பக்கத்தில் 'பாஞ்சோ' என்று பலர் அழைப்பது வேறொன்று. தட்டச்சுப் பொறியைப் போல இடக்கையால் பொத்தானை அழுத்தி, வலக்கையில் பிடித்த பிளாஸ்டிக் வில்லையால் தந்தியைத் தட்டும் புல்புல்தாரா அது. 1912-இல் ஜப்பானின் நகோயா நகரில் மோரிட்டா கோரோ உருவாக்கிய தைஷோகோத்தோ என்னும் வாத்தியத்தின் வழி வந்தது. பாடகர் மெஹபூபையும் கஸல் கலைஞர் உம்பாயியையும் தந்து, மெஹ்ஃபில் பாட்டுக்குப் பெயர் பெற்றது நம் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி வட்டாரம். இங்கே வாழ்வோருக்குத் தந்தி ஒலி புதிதல்ல.

நம் மரபில்

தந்தியைத் தொடும் விரலைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைச் சரிபார்க்கும் இடத்தில் எட்டு வகை விரல் தொழில்கள் பேசப்படுகின்றன. சுட்டுவிரலால் செய்வது வார்தல், சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது வடித்தல் என்று உரையாசிரியர் ஒவ்வொன்றாக விளக்குகிறார்கள். அதைப் பாடிய இளங்கோவடிகள் சேரர் குடியினர் என்பது மரபு. அந்தச் சேர நாட்டு மண்ணில் வாழும் நாம் இதைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானே!

இன்று நாம் வாசிக்கும் வீணைக்கு இருபத்து நான்கு மெட்டுகள். இந்த அமைப்பைத் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தோடு (17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) இணைத்துச் சொல்வர். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என வாசிக்கும் தந்திகள் நான்கு. தாளத்துக்குப் பக்கத் தந்திகள் மூன்று. வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மேல் தந்திகளை மீட்டும். சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தட்டும். சுண்டுவிரலுக்குப் பெரும்பாலும் சொந்த நகமே போதும். எனவே நம் கேள்வி அந்த இரண்டு விரல்களைப் பற்றியதுதான்.

ஒலி எப்படி மாறுகிறது?

தந்தியைத் தொடும் பொருள் கடினமாகவும் கூர்மையாகவும் இருந்தால், தந்தியில் உயர்ந்த உபசுரங்கள் அதிகம் எழும். ஒலி பளிச்சென்று, தூரத்துக்கும் கேட்கும். பொருள் மென்மையாகவும் அகலமாகவும் இருந்தால் அந்த உபசுரங்கள் அடங்கிவிடும். ஒலி உருண்டையாக, இனிமையாக, சற்றுத் தாழ்ந்து கேட்கும். ஆகவே கம்பி நகத்துக்கு ஓசை அதிகம், விரல் சதைக்கு ஓசை குறைவு, சொந்த நகம் இரண்டுக்கும் நடுவில்.

பாஞ்சோவில் தோல் பரப்பின் மேல் தந்தி நிற்பதால் ஒலி உரக்கக் கிளம்பி விரைவில் அடங்கும். ஆகவே அடுத்தடுத்து மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீணையின் பலாமரக் குடமோ ஒலியை நெடுநேரம் தாங்கும். ஒரே மீட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களைக் காட்டலாம், அதுதான் கமகம். ஆகவே வீணைக்கு ஒவ்வொரு மீட்டும் இடி போல் விழ வேண்டியதில்லை. தானம் வாசிக்கும்போது மட்டும் மீட்டின் தெளிவு முதன்மை பெறுகிறது.

வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்க, பெரிய வித்வான்களே மூச்சடக்கி அமர்ந்திருப்பார்களாம். ஒலிபெருக்கி ஏது? மெல்லிய நாதத்துக்காகச் சபையே மௌனமானது. பாலக்காட்டுக் கொடுவாயூரில் பிறந்த கே. எஸ். நாராயணசுவாமி (1914–1999) பாட்டைப் போலவே வீணையைப் பேச வைத்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, திருவனந்தபுரத்திலும் பின்பு மும்பையிலும் பல மாணவர்களை உருவாக்கி, 1979-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். ஊர் விட்டு ஊர் போனாலும் நாதம் குறைய வேண்டியதில்லை என்பதற்கு இவரைவிடச் சிறந்த சான்று நமக்கு வேண்டுமா?

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஆசிரியரைக் கேளுங்கள். அவர் எந்தப் பாணியில் வாசிக்கிறாரோ அதைப் பின்பற்றுவதே பிள்ளைக்கு எளிது. அவர் "உங்கள் விருப்பம்" என்றால், பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

சொந்த நகம் நல்ல ஒலி தரும், செலவு இல்லை, தந்தியின் துடிப்பை விரல் நேரே உணரும். ஆனால் நம் வாழ்க்கை முறை அதற்கு எப்போதும் இடம் தருவதில்லை. பல பள்ளிகளில் நகத்தை ஒட்ட வெட்டி வரச் சொல்கிறார்கள். வலக்கையால் உண்பவர்கள் நாம்; நீண்ட நகம் சுத்தத்துக்கு உகந்ததல்ல. பாத்திரம் துலக்கும் இல்லத்தரசிகளுக்குச் சோப்பு நீரில் நகம் ஊறி மெலிந்து உடைகிறது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். கொலுக் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பு உடைந்த நகம் கச்சேரிக்குள் வளர்ந்துவிடாது! இத்தகையோருக்குக் கம்பி நகம் கைகொடுக்கும்.

சொந்த நகம் வளர்ப்பவர்கள் விரல் நுனியைத் தாண்டிச் சிறிதளவு மட்டும் விட்டு, நுனியை வட்டமாக அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். இரவில் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவுவது நல்லது. இடக்கை நகங்களை மட்டும் ஒட்ட வெட்டிவிட வேண்டும். தந்தியை அழுத்தவும் இழுக்கவும் அது தடையாகும்.

கம்பி நகம் வாங்கும்போது

1. பிள்ளையைக் கூட அழைத்துச் செல்லுங்கள். "ஊருக்குப் போகும்போது வாங்கி வருகிறேன்" என்று தாத்தா குத்துமதிப்பாக வாங்கி வருவதில்தான் பாதித் தொல்லை. முடியாவிட்டால் ஆள்காட்டி விரலின் சுற்றளவையும் நடுவிரலின் சுற்றளவையும் தனித்தனியே நூலால் அளந்து அனுப்புங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது.

2. அணிந்து பத்து நிமிடம் வைத்திருங்கள். விரல் நுனி வெளுத்தாலோ சிவந்து வீங்கினாலோ அது இறுக்கம். கையை உதறும்போது கழன்று விழுந்தால் தளர்ச்சி. கையை உதறினால் அசையாமலும், மற்றக் கையால் எளிதில் கழற்றும்படியும் இருப்பதே சரியான அளவு.

3. வளைந்த நுனி விரல் நுனியைத் தாண்டி மிகச் சிறிதளவே நீள வேண்டும். அதிகம் நீண்டால் தந்தியில் சிக்கும், வேகம் வராது. நீளாமலே இருந்தால் சதையும் கம்பியும் சேர்ந்து பட்டு ஒலி குழம்பும்.

4. கம்பியின் முனைகள் மழுங்கியிருக்க வேண்டும். மெல்லிய பட்டுத் துணியின் மேல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் சொரசொரப்பு இருக்கிறது என்று பொருள். அது தந்தியையும் தேய்க்கும், விரலையும் கீறும். நைசான உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம்.

5. இரண்டு விரல்களுக்கும் ஒரே தடிமனுள்ள கம்பியாக இருக்கட்டும். இல்லாவிடில் ஒரு மீட்டு உரக்கவும் அடுத்தது மெலிந்தும் கேட்கும். பிள்ளை எவ்வளவு பயின்றாலும் அது சமனாகாது.

6. சிதார் மிஸ்ராப் எளிதில் கிடைக்கிறதே என்று அதையே வாங்கிவிடாதீர்கள். சிதாரில் ஒரே விரல் முன்னும் பின்னும் இரு திசையிலும் அடிக்கிறது. வீணையில் இரண்டு விரல்கள் மாறி மாறி வேலை செய்கின்றன. பெரிய மிஸ்ராப் இரண்டை அணிந்தால் ஒன்றோடொன்று உரசி 'கிளிங்' என்ற ஓசை வரும்.

7. இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று தொலைவது உறுதி! வளரும் பிள்ளையானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு சரிதானா என்று பாருங்கள். வலி வந்து பிள்ளை சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

கொச்சிக் காற்றும் கம்பியும்

நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. இடவப்பாதி மழை ஜூனில் தொடங்கினால் துலாவர்ஷம் முடியும் வரை வீட்டிலுள்ள இரும்புப் பொருள் எல்லாம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் கம்பி நகத்தையும் தந்திகளையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் வியர்வையே துருவுக்கு முதல் வித்து. நகத்தை மேசை மேல் விடாமல், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு இறுக்கமான சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். துருப்பிடித்த நகத்தை விரலில் மாட்ட வேண்டாம், தூக்கி எறிந்துவிடுங்கள். புண்ணாகிவிட்டால் பிள்ளையை மறுபடி வீணை முன் உட்கார வைப்பது கடினம்.

ஒலிவாங்கி பொருத்தி மேடையில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சொல். ஒலிவாங்கி நாதத்தோடு கம்பி உரசும் ஓசையையும் பெருக்கிக் காட்டும். மின்சார உதவி இருக்கும்போது பலமாக மீட்ட வேண்டியதே இல்லை. மெதுவாக மீட்டிப் பழகுவதே நன்று.

முடிவாக ஒன்று

முதல் சில மாதங்கள் வெறும் விரலாலேயே பயிலட்டும் என்பது என் தாழ்மையான கருத்து. தந்தி எங்கே தொட்டால் எப்படிப் பேசும் என்பதை விரல் முதலில் அறியட்டும். அதன் பிறகு கம்பியும் சொந்த நகமும் இரண்டையும் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சாரணியில் ஒரு ஷட்ஜத்தை மீட்டிக் கேட்கச் சொல்லுங்கள். எது பிடித்திருக்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும். தன் காதால் தானே தேர்ந்த ஒலியை ஒரு குழந்தை எளிதில் கைவிடாது.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். வீணைக்கு இந்த மூன்றும் தெரியும். எந்த மொழி எல்லையும் அதற்கில்லை. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் வீணை ஒரு பாடமாகவே இருக்கிறது. கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வரும் விஜயதசமிக்குள் ஒரு காரியம் செய்யுங்கள்: மூலையில் நிற்கும் வீணையின் உறையை அகற்றுமுன், பிள்ளையின் வலது கையை விரித்து அந்த இரண்டு விரல் நுனிகளைப் பாருங்கள். அங்கே சிவப்பு இருந்தால் திட்டாதீர்கள், கம்பியை மாற்றுங்கள்.