கலை வரலாற்றை எங்கே தொடங்குவது?

வால்தம்ஸ்டோவில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கலை வரலாறு கற்பிக்கத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வில்லியம் மொறிஸ் 1848 முதல் 1856 வரை வாழ்ந்த இல்லம், 1950இல் லொயிட் பூங்காவில் காட்சிக்கூடமாயிற்று. ஐந்து வயதினருக்கு ஆண்டுக்கணக்கு எதற்கு? 1883இல் மொறிஸ் வரைந்த ‘ஸ்ட்ரோபெரித் திருடன்’ துணிக்கோலத்தில் பழம் கவ்வும் பறவைகளைத் தேடட்டும். ஒன்பது வயதினருக்கு, அத்துணியை அவுரியில் தோய்த்து, வேண்டிய இடங்களை வெளுத்து, வண்ணம் அச்சிட்ட முறையைச் சொல்லலாம். அவுரி நம்மவரும் நெடுங்காலமாக அறிந்த சாயமே.

பதின்மூன்றைக் கடந்தோரைப் பிரித்தானிய நூதனசாலைக்கு அழைத்துச் செல்வோம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்ட, பொன்முலாம் பூசிய தாரா தேவியின் வெண்கலச் சிலை அங்குள்ளது. இலங்கையின் முன்னாள் ஆளுநர் பிறவுண்றிக் 1830இல் அதனை வழங்கினார். அவர் கைக்கு அது எவ்வாறு வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அக்கேள்விக்கென்றே முழு வகுப்பொன்றை ஒதுக்குதல் வேண்டும்.