திரியாய் வயலும் சூராவின் புள்ளிகளும்

திரியாய் வயலைத் தூரத்து வரம்பில் நின்று பாருங்கள்: ஒரே பச்சை. கிட்டப் போனால் பச்சைத் தாள், மஞ்சளித்த இலை, கறுத்த சேறு எனத் தனித்தனியே பிரியும். ஏன்? ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைவிட நெருங்கி நிற்கும் புள்ளிகளைக் கண் பிரித்தறிவது அரிது. 2 மில்லிமீட்டர் புள்ளிகள் சுமார் 7 மீட்டரில் ஒன்றாகிவிடும்.

பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் சூரா இதை நம்பித்தான் 1884 முதல் 1886 வரை செய்ன் ஆற்றங்கரையைப் புள்ளி புள்ளியாகத் தீட்டினார். சாயங்களைக் குழைத்தால் ஒவ்வொன்றும் ஒளியை விழுங்கும், நிறம் மங்கும். அருகருகே வைத்தால் ஒளி கண்ணுக்குள் கலக்கும், அவ்வளவு இருளாது. என்னை வியக்கவைப்பது இதுதான்: நீலமும் மஞ்சளும் குழைத்தால் பச்சை, அவையே பொடிப் புள்ளிகளாக நின்றால் தூரத்தில் சாம்பல்!